குழுவோடு சைக்கிளில் ராமேஸ்வரம்: சத்திரக்குடிக்கு முன்னால் தனியாக நின்ற நாள்

விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் போனால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கலாம். இளவட்டங்கள் மட்டும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், என்னைப் போல நாற்பதைத் தாண்டிய பெண்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். அழகர்கோவில், மேலூர் என்று ஆரம்பித்து உடம்பு கொஞ்சம் பழகியதும் எல்லாருக்கும் அடுத்து வருகிற ஆசை ராமேஸ்வரம்தான். பாம்பன் பாலத்தைச் சைக்கிளில் கடக்க வேண்டும் என்று எனக்கும் வெகுநாளாக ஆசை இருந்தது. அந்த ஆசையில் ஒரு குழுப் பயணத்துக்குப் பணம் கட்டினேன். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “அக்கா, நானும் பேர் கொடுக்கப் போறேன், என்னென்ன எடுத்துக்கணும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது. நான் கிளம்பும்போது எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

திட்டம் மூன்று நாள். முதல் நாள் மதுரையிலிருந்து ராமேஸ்வரம், சுமார் 170 கிலோமீட்டர். இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி. மூன்றாம் நாள் எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக வீடு. கட்டணம் 7,500 ரூபாய். தங்கும் இடம், காலை உணவு, மதிய உணவு, ஒரு டி-ஷர்ட், வழித்துணைக்கு ஒரு வேன், கூடவே ஒரு மெக்கானிக். “யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம் மேடம், பின்னாலயே வண்டி வரும்” என்று போனில் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வீட்டில் சரி என்றார்கள். நானும் அதை நம்பித்தான் கிளம்பினேன். ஆனால் பின்னால் வரும் வண்டி எவ்வளவு பின்னால் வரும், எத்தனை பேருக்கு ஒரு வண்டி, சாப்பாடு வாங்கப் போகும் வேலையும் அதே வண்டிக்குத்தானா என்பது பற்றியெல்லாம் அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு வரிகூட இல்லை.

மாசி மாதம். அதிகாலை நாலரைக்கு விரகனூர் ரவுண்டானாவில் கூடினோம். இருபத்துச் சொச்சம் பேர். பின்விளக்குகள் வரிசையாகச் சிவப்பாய் மினுக்க, சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி எல்லாம் இருட்டிலேயே தாண்டிப் போயின. பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, வழுவழுவென்று இருக்கும். அந்த நேரத்தில் லாரிகளும் குறைவு. உண்மையைச் சொன்னால் அந்த முதல் இரண்டு மணி நேரம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மானாமதுரைக்கு முன்னால் பொழுது விடிந்தபோது இந்த வயதில் இப்படி ஒன்று செய்கிறேனே என்று தொண்டை அடைத்தது.

ஆனால் வேகம் பிரச்சினையாக இருந்தது. மணிக்கு இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகம் என்று சொல்லியிருந்தார்கள். முன்னால் போனவர்கள் திருப்புவனம் தாண்டியதுமே இருபத்தெட்டில் போனார்கள். குழுவாக ஓட்டுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் அவருக்கு நெருக்கமாகப் பின்னால் வருகிறவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். அதனால் வரிசைக்குள் இருக்கும்வரை நம் சக்திக்கு மீறிய வேகத்தில்கூடப் போய்விடலாம், களைப்பு தெரியாது. வரிசையை விட்டு இருபது அடி பின்தங்கிவிட்டால் முழுக் காற்றும் நம்மேல்தான். ஏற்கெனவே களைத்தவர், இன்னும் அதிக உழைப்பில், தனியாக. அதற்கு மேல் தூரம் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. வேகம் குறைந்தவரைப் பார்த்து மற்றவர்கள் வேகம் குறைத்தால் மட்டும்தான் அது குழு. எங்கள் குழுவில் நின்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நீங்கள் பணம் கட்டும் முன் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கடைசியில் வருவது யார்? அவருடைய பெயர், அவருடைய நம்பர். “நாங்க எல்லாரும் பார்த்துக்குவோம்” என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மானாமதுரையில் காலை உணவு. இட்லி, பொங்கல் எல்லாம் நன்றாகவே இருந்தது. கழிவறைதான் இல்லை. இருந்ததும் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. ஆண்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, சாலையோரம் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து வந்துவிடுகிறார்கள். குழுவில் நாங்கள் மூன்று பெண்கள். மூன்று பேரும் அதற்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். இதைப் பெண்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகிய பழக்கம் இது. வெளியே போனால் தண்ணீர் குடிக்காதே. ஆனால் 170 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டும் நாளில், தென்மாவட்டத்து வெயிலில், மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை உடம்புக்குத் தேவைப்படும் நேரத்தில், அந்தப் பழக்கம் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்பாட்டாளர்கள் நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டீ நன்றாக இருக்குமா என்று பார்த்தார்களே தவிர இதைப் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்க்குகளில் கழிவறையும் குடிநீரும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கையாளராக இல்லாவிட்டாலும் கேட்கலாம். ராமநாதபுரம் சாலையில் பங்க்குகளுக்குப் பஞ்சமில்லை. எந்தெந்தப் பங்க்கில் நிற்கப் போகிறோம் என்று முந்தின நாளே வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழு நிற்காவிட்டாலும் நீங்கள் நில்லுங்கள்.

பார்த்திபனூர் தாண்டி, பரமக்குடி வரும்போது மணி ஒன்பதரை. அதுவரை வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டே வந்திருந்தேன். பரமக்குடிக்குப் பிறகு சாலை இரண்டு வழியாகச் சுருங்கிவிடுகிறது. ராமநாதபுரம் வரை அதை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வேலை முடிய நாளாகும். ராமேஸ்வரம் போகும் வேன்களும் பஸ்களும் ஒன்றை ஒன்று முந்தும்போது சைக்கிள்காரர் ஓரத்துக்குத்தான் இறங்க வேண்டும். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்றால் சீமைக்கருவேல முள். இருபுறமும் கண்ணுக்கெட்டியவரை அந்த மரம்தான். கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப் போகிற வண்டிகளிலிருந்தும் சின்னச் சின்னக் கிளைகள் விழுந்துகொண்டே இருக்கும். காய்ந்த கருவேல முள் ஆணிக்குச் சமம். பத்தேகாலுக்குப் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது.

மெக்கானிக்குக்கு உதவியாக வந்த பையன் ஒருவன் அப்போது பக்கத்தில் இருந்தான். நல்ல பையன்தான். ஆனால் முன்னால் போனவர்கள் போனில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே மாற்று டியூபை வாங்கி ஐந்து நிமிடத்தில் மாட்டி, தன் பம்பால் காற்று அடித்துக் கொடுத்துவிட்டு, “வாங்க மேடம், பிடிச்சிரலாம்” என்று பறந்துவிட்டான். மூன்று நான்கு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி அதே சக்கரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. அவன் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று அப்போது புரியவில்லை, பிறகு சைக்கிள் கடைப் பெரியவர் காட்டியபோதுதான் புரிந்தது. கருவேல முள் டயரில் ஏறினால் வெளியே தெரியும் பகுதி ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அதுவும் போய்விடும். டியூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால், அல்லது விரல் கிழியாமல் இருக்க ஒரு பஞ்சாலோ துணியாலோ தடவிப் பார்க்க வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். பழைய டியூபில் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடினால் இன்னும் சுலபம். உங்களுக்காக வேறு யார் டியூப் மாற்றினாலும் சரி, இந்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அப்புறம், ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போவதாக இருந்தால் மாற்று டியூப் ஒன்று போதாது. இரண்டு டியூப், ஒட்டுப் போடும் பொருட்கள், கையடக்கப் பம்பு எல்லாம் உங்கள் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். வேனில் இருந்தால் அது உங்களிடம் இருப்பதாக அர்த்தமில்லை.

சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேன் டிரைவருக்கு அடித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய அவர் ஏற்கெனவே ராமநாதபுரம் போய்விட்டாராம். வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், யார் பார்ப்பார்கள்? அரை மணி கழித்து ஏற்பாட்டாளர் கூப்பிட்டு, “மெதுவா தள்ளிட்டு வாங்க மேடம், வண்டியைத் திருப்பி அனுப்புறேன்” என்றார். தள்ளினேன். வண்டி வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் “இதோ கிளம்பிட்டாங்க”. ஒரு மணி நேரம் கழித்தும் அதே “இதோ”. போனில் சார்ஜ் கால்வாசிக்கு வந்துவிட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று காலையிலிருந்து இருப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டே வந்ததில் பாதி சார்ஜ் போயிருந்தது. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

பயமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பட்டப்பகல்தான், வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் இரண்டு பக்கமும் முள்காடு, ஆள் நடமாட்டம் இல்லை. பைக்கில் போன இரண்டு பேர் திரும்பி வந்து மெதுவாகக் கடந்து போனபோது வயிறு கலங்கியது. வீட்டுக்குப் போன் செய்யவும் மனம் வரவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பிப்பார்களே என்று. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் தயவுசெய்து முதலில் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். திட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த இடத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒரு எண்ணை இங்கே எழுதுகிறேன்: 1033. தேசிய நெடுஞ்சாலை உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் இயங்குவது. சுங்கச்சாவடி உள்ள நெடுஞ்சாலையில் ரோந்து வண்டியும் ஆம்புலன்சும் இருக்கும். விபத்தானாலும், வழியில் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடலாம். நான் நின்றது மதுரை–ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலை 87. போகலூரில் ஒரு சுங்கச்சாவடியே இருக்கிறது. சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது என்பதால் அந்தச் சீட்டு நம் கைக்கு வருவதே இல்லை, சீட்டில் அச்சிட்டிருக்கும் நம்பர்களும் நமக்குத் தெரிவதில்லை. 1033-ஐயும் 108-ஐயும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் அணைந்தாலும் வேறு யார் போனிலாவது கூப்பிடலாம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் உடம்பு மாறியது. காலையில் மூடியிருந்த மேகம் விலகி வெயில் நேராக இறங்கியது. மதியமானால் கடற்காற்று உள்ளே வரும். கிழக்கே போகிறவருக்கு அது முகத்திலேயே அடிக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே தலை வலித்தது. அப்புறம் அந்த வெயிலில் கை மயிர் சிலிர்த்துக் குளிர்ந்தது. குமட்டியது. இந்தச் சிலிர்ப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் தாங்காமல் உடம்பு தளர்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். உடனே நிழலுக்குப் போய், உட்கார்ந்து, கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கூட வருகிறவர் யாராவது பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், அது உயிருக்கு ஆபத்தான கட்டம்.

நல்ல வேளையாக ஒரு விலக்கு வந்தது. நிழற்குடை ஒன்று இருந்தது. நூறு நாள் வேலை முடித்துவிட்டு இரண்டு பெண்கள் அங்கே பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவர் எழுந்து வந்து சைக்கிளை வாங்கிச் சாய்த்தார். “என்ன தாயி, ஒத்தையில இம்புட்டுத் தூரம் உருட்டிக்கிட்டு வாரீக? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சே” என்றார். தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். “ஒரே மூச்சா குடிக்காதீக, கொஞ்சம் கொஞ்சமா” என்றார். முந்தானையை நனைத்து என் பிடரியில் போட்டார். நான் அழுதுவிட்டேன். காலையிலிருந்து என் கூட வந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வியை, என்னை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் கேட்டார்.

அவர் கொடுத்தது வெறும் அன்பு மட்டும் இல்லை, சரியான வைத்தியமும்கூட. வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதனாலேயே குமட்டலும் தலைவலியும் வரும். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த நீராகாரம் குடலில் சுலபமாக ஏறும். பயணத்துக்குப் போகிறவர்கள் மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியம், சிட்ரேட் இருக்க வேண்டும். அந்த அளவு அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காகிதப் பெட்டியில் பழச்சுவையோடு விற்ற பானங்களும் ஓஆர்எஸ் என்ற பெயரில் இருந்தன. சர்க்கரை அதிகமுள்ள அவற்றுக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்திருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. டீக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அந்த அக்கா ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் கட்டவைத்து என்னைச் சத்திரக்குடிக்கு ஏற்றிவிட்டார். அங்கே ஒரு பழைய சைக்கிள் கடை. பெரியவர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்து, உரசி, சொல்யூஷன் தடவி அருமையாக ஒட்டுப் போட்டார். டயருக்குள்ளிருந்து முள் நுனியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் சரி, காற்று அடிக்க முடியவில்லை. “இது வால்டியூப் போடுற வகை இல்லையே தாயி. நம்ம பம்பு இதுல உக்காராது” என்றார். விலை கூடிய சைக்கிள்களில் வருகிற ஒல்லியான பிரெஸ்டா வால்வு அது. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயும் சேராது. பித்தளையில் நகக்கணு அளவுக்கு ஒரு அடாப்டர் இருக்கிறது, நூறு ரூபாய்க்குள்தான். அதை வால்வு மேல் திருகிவிட்டால் எந்தப் பங்க்கிலும் காற்றுப் பிடிக்கலாம். சைக்கிளை எனக்கு விற்ற கடையும் அதைச் சொல்லவில்லை, பயணம் நடத்தியவர்களும் சொல்லவில்லை. அந்த அடாப்டர் இல்லாமல், ஒட்டுப் போட்ட நல்ல டியூபோடு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் என்னிடம் பணம் வாங்க மறுத்துவிட்டார். “வேல முடியல, காசு எதுக்கு” என்றார்.

அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு குட்டியானை பிடித்தேன், 700 ரூபாய். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. சாப்பாட்டு இடத்தில் இலைகூட எடுத்தாகிவிட்டது. பாலத்தில் சூரியன் சாய்வதற்குள் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்களாம். அங்கேயே மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பேன். என் பை வேனில் இருந்தது. மாற்றுத் துணி, வங்கி அட்டை, இரவு போடும் பிரஷர் மாத்திரை எல்லாம் அதில். ஆகவே இன்னொரு குட்டியானை, ராமேஸ்வரத்துக்கு 2,000 ரூபாய். பணம் போனில் இருந்ததால் கொடுக்க முடிந்தது, அதுவும் டிரைவரின் சார்ஜரில் போட்டுத்தான். சின்னப் பை ஒன்றை முதுகிலோ சைக்கிளிலோ கட்டி, ஒருநாள் மாத்திரை, ஆயிரம் ரூபாய் ரொக்கம், பவர் பேங்க், ஆதார் நகல் இவற்றை வேனில் போடாமல் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் ஆசைப்பட்ட பாம்பன் பாலத்தைச் சரக்கு வண்டியின் முன் சீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கடந்தேன். டிரைவர் தம்பி நல்ல மனசுக்காரர், “நிறுத்தவா அக்கா, பார்க்குறீங்களா?” என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம்.

லாட்ஜில் எல்லாரும் குளித்து முடித்து உற்சாகமாக இருந்தார்கள். சிலர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள், நான் பின்தங்கியது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஏற்பாட்டாளர், “ரைடுன்னா இப்படித்தான் மேடம், பஞ்சர் ஆகும், வெயில் அடிக்கும்” என்றார். முள்ளுக்கும் வெயிலுக்கும் அவர் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். வண்டி வரும் என்று மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு யார் பொறுப்பு? வராது என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தால் உடனே ஒரு ஆட்டோவைப் பிடித்திருப்பேன். வெயிலில் நின்றிருக்க மாட்டேன். இரவு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்து, ஒரு தோழி பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். மருத்துவரும் மருந்தும் 850 ரூபாய்.

மறுநாள் அவர்கள் தூத்துக்குடி கிளம்பினார்கள், நான் ரயிலில் திரும்பினேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை மறுபடி ரயில் வருவது பெரிய வசதி. சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. பயணச் சீட்டைக் காட்டி, பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்து கார்டு பெட்டிப் பக்கம் ஏற்ற வேண்டும். ரயில் கிளம்பும் நேரத்துக்குப் போனால் நடக்காது, ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். சைக்கிளில் பெயர், போன் நம்பர் எழுதிய அட்டை கட்டச் சொல்வார்கள். எல்லாம் சேர்த்து 250 ரூபாய் ஆனது. குட்டியானைக்கு அழுததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் ராமநாதபுரத்திலிருந்தே ரயிலைப் பார்த்திருக்கலாம்.

காற்றில்லாமல் உருட்டியதில் பின் டயர் அறுந்துவிட்டது. முள் தாங்கும் டயரும் இரண்டு டியூபும் வாங்க 2,400 ரூபாய். கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 13,700. ஷேர் ஆட்டோக்காரர் வாங்கிய சில்லறையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அலுவலக விடுப்பு தனி. மனம் பட்ட பாட்டை எதில் எழுதுவது என்று தெரியவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, “எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது” என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். அந்த வரியோடு விஷயம் முடிந்துவிடாது. பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைக் கொடுக்காவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நாமே போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்குத் தேவை ஆதாரம். விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, அழைப்பு விவரம், வாட்ஸ்அப்பில் “வண்டி கிளம்பிட்டாங்க” என்று வந்த செய்தி, குட்டியானைக்கு அனுப்பிய பணத்தின் பதிவு. எதையும் அழித்துவிடாதீர்கள். முக்கியமான வாக்குறுதிகளைப் போனில் கேட்டுக்கொள்வதோடு விடாமல், “வண்டி கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் என்றீர்கள், சரிதானே?” என்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

என் புகார் பதிவாகி, அவர்களுக்கு அறிவிப்புப் போயிருக்கிறது. போன வாரம் ஏற்பாட்டாளர் கூப்பிட்டு 3,000 ரூபாய் தருகிறேன், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். கட்டணம் முழுதும், இரண்டு வண்டி வாடகையும் வேண்டும், அதோடு இனி நடத்தும் பயணங்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் வர ஒரு தனி வண்டி உண்டு என்று விண்ணப்பத் தாளிலேயே அச்சிட வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகக் காகிதங்கள் தயாராக இருக்கின்றன.